வெள்ளிக் காசில் உட்கார்ந்திருப்பவள்

"அம்மா, இந்தக் காசுல ஒரு பொம்பளை உக்காந்திருக்காளே, அவ யாருங்க?"

குன்றேறி வந்த அந்துவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கேட்டுவிட்டார். வழியெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் சுமந்துகொண்டு வந்திருந்தார்.

கேட்டது நங்கையாரிடம்.

கருவூருக்கு வெளியே, ஆன்பொருநை ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு குன்று. அதிலிருந்த குகையில் துறவி நங்கையார் வாழ்ந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. வீடு, வாசல், நகை, நட்டு எல்லாவற்றையும் விட்டு வந்தவர், சிரிப்பை மட்டும் விட்டு வரவில்லை.

அந்துவனுக்கு ஐம்பது. தன்னைவிடச் சின்னவரிடம் போய் உபதேசம் கேட்பதா என்று முதலில் கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு பௌர்ணமி தவறாமல் ஏற ஆரம்பித்தார். இன்றைக்குப் பௌர்ணமி இல்லை. அதிலேயே நங்கையாருக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

அந்தக் காலத்துக் கருவூரில் எப்படிப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் காலத்துக் கரூர்ப் பேச்சைத்தான் அவர்கள் வாயில் வைத்திருக்கிறேன். அவர்கள் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

"எதுக்குங்ணா கேக்கறீங்க?"

"அவ யாருன்னு தெரிஞ்சா எங்கூட்டுக்காரி என்னோட பேசுவாளுங்க."

"இப்பப் பேசறதில்லீங்களா?"

"ஆட்டோட பேசறாளுங்க."

நங்கையார் நகர்ந்து பாறையில் இடம் விட்டார்.

அந்துவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் நிறைய நேரம் சொன்னார். நான் சுருக்கிச் சொல்கிறேன்.

அந்துவன் ஒரு வண்ணக்கர். அதாவது, காசைக் கையில் வாங்கிப் பார்த்து நல்லது, கள்ளது என்று சொல்கிறவர். ரோமாபுரியில் அடித்து, கப்பலேறி, முசிறியில் இறங்கி, மலை தாண்டி வந்து சேரும் யவனர் வெள்ளிக் காசெல்லாம் அவர் உள்ளங்கையில் உட்கார்ந்து எழுந்துதான் ஊருக்குள் போகும். அவர் கையைப் பார்த்தால் தராசு வெட்கப்படும் என்று கடைத்தெருவில் சொல்வார்கள். அதை முதலில் சொன்னவர் அவரேதான் என்றும் சொல்வார்கள்.

அந்த வருடம் யவனக் காசில் ஒரு திருட்டு வேலை கலந்து வந்தது. உள்ளே செம்பு, மேலே மெல்லிய வெள்ளித் தோல். எடை கொஞ்சம்தான் குறையும், ஓசை கொஞ்சம்தான் மாறும். அந்துவன் கை நல்லது என்று சொன்ன காசு ஒன்று, உப்பு வணிகன் ஒருவனின் மடியில் தேய்ந்து, சிவப்பாகப் பல்லைக் காட்டிவிட்டது.

ஊர் அதை மறந்துவிட்டது. அந்துவன் மறக்கவில்லை. தன் கையையே அவர் நம்பாமல் போனார்.

அன்றைக்கு உளியை எடுத்தார். எந்தக் காசு வந்தாலும் கல்லில் வைத்து, அதன் ஒரு பக்கத்திலிருக்கும் ராஜா தலைமேல் ஒரு வெட்டு. உள்ளே வெளுப்பா, சிவப்பா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கருவூரில் அந்த வருடம் காயம்படாத யவன ராஜா ஒருத்தர்கூட இல்லை.

கடைத்தெருக் காசு தீர்ந்தது. பங்காளிகள் வீட்டுக் காசு தீர்ந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கடைசியில் உளி வீட்டுக்குள் வந்தது.

அவர் மனைவி எயினி கழுத்தில் ஒரு யவனக் காசு உண்டு. அவளுடைய அப்பா மலைச்சரிவில் மணிக்கல் தோண்டுகிறவர். முதன்முதலாக ஒரு நல்ல கல் கிடைத்தபோது யவனன் ஒருவன் அதை வாங்கிக்கொண்டு கொடுத்த காசு அது. அவர் அதைச் செலவழிக்கவும் இல்லை, உருக்கவும் இல்லை. வளையம் வைத்து, கயிற்றில் கோத்து, மகள் கல்யாணத்தன்று அவள் கழுத்தில் போட்டார். இப்போது அவர் இல்லை.

எயினி குளிக்கப் போகும்போது கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். அன்றும் மாட்டிவிட்டுப் போனாள். அந்துவன் ஆணியைப் பார்த்தார். உளியைப் பார்த்தார்.

ஒரே வெட்டு. உள்ளே பால்போல வெளுப்பு.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காசைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கே ஓடினார். துறையில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அவர்கள் காது கேட்கக் கத்தினார்: எயினி, உன் காசு நல்ல காசுதான், உங்கப்பன் ஏமாத்தலை!

துறையே சிரித்தது. எயினி சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தாள்.

"எங்கப்பன் செத்ததுக்கப்புறம் அவரை உளி வெச்சுப் பாத்துப்போட்டு வாறீங்களாக்கும்" என்றாள். பிறகு, "அதுல ஒருத்தி உக்காந்திருக்காளே, அவளையாச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அந்துவன் அப்போது ஒரு வார்த்தை சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"யாரு?"

அதிலிருந்து எயினி அவரோடு பேசவில்லை. சோறு தயாரானால் முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து, "ஆறிப்போகுதுன்னு சொல்லு" என்பாள். மழை வந்தால், "கூரை ஒழுகுதுன்னு ஒருத்தருக்குத் தெரியுமான்னு கேளு" என்பாள். ஆடு அசைபோட்டுக்கொண்டே கேட்டுக்கொள்ளும். அந்துவனும் வேறு வழியில்லாமல் ஆட்டிடமே பதில் சொல்லிப் பழகிவிட்டார். அக்கம்பக்கத்தில் இதற்கென்றே வேலியோரம் வந்து நின்றார்கள்.

சமாதானமாக இருக்கட்டும் என்று புதுக் காசு ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தார். வெட்டுப்படாதது, பழையதைவிடக் கனம். அவள் எதிரில் வைத்தார். மறுநாள் காலையில் அது ஆட்டின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லும்போது அந்துவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நங்கையாரும் மூடிக்கொண்டார், அவருக்குச் சிரிப்பு.

"சிரிக்காதீங்கம்மா. ஊடு ஊடா இல்லீங்க. அவ குரலு கேக்குது, எனக்குன்னு ஒரு வார்த்தை இல்லை. சோறு எறங்க மாட்டேங்குது."

நங்கையார் சிரிப்பை நிறுத்தினார்.

"அந்த மாதிரிக் காசு வேற ஒண்ணு வெச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தார். மடியிலிருந்து எடுத்து நீட்டினார். நங்கையார் காசைத் தொடுவதில்லை, பாறையைக் காட்டினார். அந்துவன் காசைப் பாறைமேல் வைத்தார், பெண் உருவம் மேலே தெரியும்படி.

நங்கையார் பக்கத்திலிருந்த அரச இலை ஒன்றை எடுத்து அதன்மேல் மூடினார்.

"இப்பச் சொல்லுங்ணா. அவ எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கா?"

அந்துவன் இலையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"எடை வேணும்னா சொல்றனுங்க. ஒரு குன்றிமணி பெசகாது."

"எடை கேக்கலீங்களே."

"எடத்துப் பக்கம்."

நங்கையார் இலையை எடுத்தார். அவள் வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

எத்தனையோ மூட்டைக் காசு பார்த்தவர் அந்துவன். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையே அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தார். நாற்காலிக்குக் கால் கடைந்திருந்தது. அவள் மடியில் சேலை மடிப்பு மடிப்பாக விழுந்திருந்தது. நகத்தளவு இடத்தில் எவனோ ஒருவன் குனிந்து உட்கார்ந்து இதையெல்லாம் செதுக்கியிருக்கிறான் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அது சரிங்கம்மா, அவ யாருங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? போயிக் கேட்டுட்டு வாங்க."

அந்துவன் அடுத்த நாளே யவனச் சேரிக்குப் போனார்.

முதலில் தேறல் என்னும் மது விற்கும் யவனனைக் கேட்டார். அவன் காசை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, அவள் அமைதித் தெய்வம் என்றான். கையிலிருப்பது சமாதானத் தழையாம். சண்டை முடிந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று அதற்கு அர்த்தமாம்.

இதைப் பக்கத்தில் நின்று கேட்ட வாயில்காவல் யவனன், அமைதியாவது தெய்வமாவது என்றான். அவள் ராஜாவின் அம்மாவாம். பெற்றவளைக் காசில் போட்டால் வீட்டில் நிம்மதி இருக்கும் என்று ராஜா போட்டிருக்கிறாராம்.

தேறல்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது. அமைதித் தெய்வத்தின் பேரில் இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். விலக்கிவிட வந்த கிழ யவனன் ஒருவன் காசை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் மடையர்கள், இவள் தானியத் தாய், வெள்ளாமைக்கு அதிபதி என்றான். அடுத்த அடி அவனுக்கு விழுந்தது.

அந்துவன் காசைப் பிடுங்கிக்கொண்டு குன்றுக்கு ஓடி வந்தார்.

"மூணு பேரு மூணு சொல்றாங்கம்மா. இதுல எது நல்லது, எது கள்ளது? இதுக்கெல்லாம் ஒரு உளி இருந்தாத் தேவலைங்க."

"உளிதானே? உங்க உளி இருக்குங்களா?"

இடுப்பில்தான் இருந்தது. அது இல்லாமல் அவர் தூங்குவதுகூட இல்லை. அம்மா ஏதோ காட்டித் தரப்போகிறார் என்று ஆசையோடு எடுத்துக் கொடுத்தார்.

"சுத்தி?"

அதையும் கொடுத்தார்.

நங்கையார் எழுந்து வந்து அந்துவன் எதிரில் நின்றார். உளியின் முனையை அவர் மார்பில், நெஞ்சுக் குழிக்குக் கொஞ்சம் மேலே வைத்தார். மறு கையில் சுத்தியை ஓங்கினார்.

"அசையாம இருங்ணா. ஒரே அடிதான்."

அந்துவன் பின்னால் துள்ளிய துள்ளலில் பாறையிலிருந்து விழப் பார்த்தார்.

"அம்மா! என்ன பண்றீங்க?"

"உள்ள வெளுப்பா, சிவப்பான்னு பாத்துப்போடலாம்."

"நான் நல்லவனுங்க! எத்தனை வருசமா இங்க வாறேன். என்னைத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

"தெரியுமுங்க. ஆனாலும் வெட்டிப் பாத்துட்டா ஒரு நிம்மதி இல்லீங்களா? வெளுப்பா இருந்தா நானே ஆத்தங்கரைக்கு ஓடிப்போயிச் சொல்றேன், எங்க அந்துவண்ணன் நல்லவருதான்னு."

அந்துவன் மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உளி பட்ட இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அங்கே வலித்தது.

அவர் மெல்ல உட்கார்ந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. தான் அழுவதை நங்கையார் பார்க்காமல் இருக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நங்கையார் பார்த்தார், பார்க்காததுபோல் சுத்தியைக் கீழே வைத்தார்.

குரங்கு ஒன்று வந்து சுத்தியை முகர்ந்துவிட்டுப் போனது.

அந்துவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவ யாருன்னு நான் யாரைத்தானுங்க கேக்கறது?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

நங்கையார் கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பொம்பளையோட நெம்ப நாளாப் பழகினவங்க யாராச்சும் இந்த ஊருல இருப்பாங்க. தேடிப் பாருங்க."

அந்துவன் யோசித்தார். தேறல்காரனா, காவல்காரனா, கப்பலிலிருந்து புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா என்று ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தார். நங்கையார் ஒரு காம்பை ஒடித்தார். இன்னொரு காம்பை ஒடித்தார்.

அந்துவன் சட்டென்று எழுந்தார். கும்பிட மறந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். உளியையும் சுத்தியையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மறந்து விட்டுப் போனார் என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழில்காரன் செருப்பை மறப்பான், ஆயுதத்தை மறக்க மாட்டான்.

வீட்டில் எயினி உரலருகில் தினை குத்திக்கொண்டிருந்தாள். கழுத்தில் அந்தக் காசு ஆடிக்கொண்டிருந்தது. வெட்டுப்பட்ட ராஜாவை உள்பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். ராஜா தலையில் விழுந்த வெட்டு மறுபக்கத்தில் அந்தப் பெண்ணின் முதுகில் ஒரு புடைப்பாக எழும்பியிருந்தது. அந்துவன் அதை இப்போதுதான் பார்த்தார்.

அவர் எயினியின் எதிரில் போய்த் தரையில் குந்தினார்.

"எயினி."

உலக்கை நிற்கவில்லை.

"உன்னைத்தான் கேக்கறேன். உன் கழுத்துல உக்காந்திருக்கறவ யாரு?"

உலக்கை நின்றது.

எயினி பழக்கத்தில் முற்றத்துப் பக்கம் திரும்பினாள். ஆடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது. வெறும் கயிறுதான் கிடந்தது. அவள் அந்தக் கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினாள்.

"யவனச் சேரியில போயிக் கேட்டீங்களாமே. சண்டைகூட ஆயிப்போச்சாமா. அவிய என்ன சொன்னாங்க?"

ஊரில் ஒன்றும் மறைக்க முடியாது.

"அவிய சொன்னது கெடக்கட்டும். எனக்கு நீ சொல்லு."

எயினி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். காசைப் பார்க்கும்போது அவர் பார்ப்பாரே, அதே மாதிரிப் பார்த்தாள். அந்துவன் அசையாமல் இருந்தார். கைகள் மடியில் சும்மா கிடந்தன.

அவளும் எதிரில் உட்கார்ந்தாள். கயிற்றைத் தூக்கி, காசு அவர் கண்ணுக்கு நேரே வருமாறு பிடித்தாள்.

"இவ கலியாணம் ஆயி நெம்பத் தூரம் வந்தவ. அங்க பேச்சுத் தொணைக்கு ஆளு கெடையாது. ஊட்டுக்காரன் நல்லவன்தான், தொழிலு தொழிலுன்னு கெடப்பான். ஒரு நாளு அவன் ஒரு காரியம் பண்ணிப்போட்டான்."

"என்ன காரியம்?"

"என்னமோ ஒண்ணு. இவ கத்தவும் இல்லை, பொறந்த ஊட்டுக்குப் போகவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு வாசல்ல உக்காந்துட்டா. ஒரு கையில தழை இருக்குது பாருங்க, இன்னொரு கையில கோலு."

அந்துவன் பார்த்தார். இருந்தது.

"எதுக்கு ரெண்டும்?"

"வாறவன் பேசற பேச்சைப் பொறுத்து. ஒழுங்காப் பேசினாத் தழை. இல்லாட்டிக் கோலு."

அவள் குரலில் என்ன இருக்கிறது என்று அந்துவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபமா, சிரிப்பா? எடை போடக் கை துருதுருத்தது. கையை அடக்கிக்கொண்டார்.

"அவன் வந்தானா?"

"வந்துட்டான்" என்றாள் எயினி. "முன்னாலதான் குந்தியிருக்கான். பண்ணின காரியத்தைப் பத்தி இன்னும் வாயத் தொறக்கலை."